பாலைவனம் கிளறிய நினைவுகள்



தவக்காலம் வந்தாலே நமது மறையுரைகளில் பாலைவனம் வந்துவிடும். ஆனால் நம்மில் பலர் பாலைவனத்தைக் கண்ணால் கண்டதில்லை. விவிலியத்தில் பாலைவனம் வெறும் மணல்வெளி அல்ல, அது நினைவுகளின் இடம். 40 ஆண்டுகள் ஆண்டவர் நடத்திவந்த வழியையெல்லாம் நினைத்துப் பார்க்குமாறு இணைச்சட்ட நூலில் மோசே மக்களைக் கேட்கிறார். மறந்துபோன கடவுளைப் பாலைவனத்தில் நினைவுகூர்ந்த ஒருவரின் வாழ்வை இன்று சற்று சிந்திப்போம். அவர் புனித சார்லஸ் தெ ஃபூக்கோ.

1858ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆறு வயதை எட்டுமுன்னே தாயையும் தந்தையையும் இழந்தார். தாத்தாவின் பாசத்தில் வளர்ந்தார். பதின்ம வயதில் நம்பிக்கையும் போயிற்று. இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். 19 வயதில் தாத்தாவும் மறைய, கைக்கு வந்த சொத்தை விருந்திலும் களியாட்டத்திலும் கரைத்தார். ஊதாரி மகன் உவமையை அப்படியே வாழ்ந்து காட்டினார் என்று சொல்லலாம்.

அல்ஜீரியாவில் படைவீரராக இருந்தபோது வட ஆப்பிரிக்காவின் நிலம் அவரை ஈர்த்தது. 1882இல் படையிலிருந்து விலகினார். 1883 ஜூன் முதல் 1884 மே வரை மொராக்கோ நாட்டைச் சுற்றினார். கிறிஸ்தவ ஐரோப்பியர் அந்நாட்டின் பெரும்பகுதிக்குள் நுழைய முடியாத காலம் அது. ஆகவே யூத ரபியாக வேடமிட்டு, மர்தொஷே அபி செரூர் என்ற உண்மையான ரபியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். உள்ளங்கையில் மறையும் சிறு ஏட்டில், விரல் நீளம்கூட இல்லாத பென்சிலால், யாரும் பாராதபோது குறிப்பெடுத்தார். பிடிபட்டால் உயிர் போயிருக்கும். இந்த ஆய்வுக்காக பாரீஸ் புவியியல் கழகம் 1885இல் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

ஆனால் பதக்கத்தைவிடப் பெரிய ஒன்றை அவர் அங்கிருந்து கொண்டுவந்தார். வழிநெடுகிலும் இஸ்லாமியர் நாள்தோறும் கடவுள் முன் பணிந்து தொழுததைப் பார்த்திருந்தார். கடவுளை உயிருள்ளவராக எண்ணி வாழும் மக்கள் இருக்கிறார்கள் என்ற உண்மை அவரைக் குடைந்தது. தன் குழந்தைப் பருவத்து நம்பிக்கை நெஞ்சில் மெல்ல எழுந்தது. 1886 அக்டோபர் இறுதியில் பாரீசின் புனித அகுஸ்தினார் ஆலயத்தில் அருள்பணி. உவ்லென் அடிகளைத் தேடிப் போனார். சமயம் பற்றி விளக்கம் கேட்கத்தான் போனார். அடிகளோ அவரை முழந்தாளிட்டு ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சொன்னார். அன்றே நற்கருணையும் உட்கொண்டார். அப்போது அவருக்கு வயது 28.

அதன்பின் அவரது தேடல் நாசரேத்தை நோக்கியது. ட்ராப்பிஸ்ட் துறவு மடத்தில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். பிறகு நாசரேத்தில் கிளாரா சபை அருள்சகோதரிகளின் மடத்தில் எடுபிடி வேலைக்காரராக இருந்தார். 1901 ஜூன் 9இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டு சகாராவின் பெனி அப்பேஸ் ஊருக்குச் சென்றார். அங்கே அடிமைகளாக விற்கப்பட்டோரைத் தன்னால் இயன்றவரை விலைகொடுத்து மீட்டார். அந்த முறையைக் கண்டும் காணாமல் இருந்த பிரெஞ்சு ஆட்சியைக் கண்டித்து எழுதவும் செய்தார். 1905இல் இன்னும் தெற்கே, ஹோகார் மலைப்பகுதியில் துவாரெக் மக்கள் நடுவே, சுமார் 20 குடிசைகளே இருந்த தமன்ராசெட்டில் குடியேறினார்.

அங்கேதான் அவருக்கு உண்மையான பாலைவனம் வாய்த்தது. உடன் பங்கேற்க ஒரு கிறிஸ்தவராவது இல்லாமல் அவர் திருப்பலி நிறைவேற்ற அன்றைய திருச்சபை ஒழுங்கு இடம் தரவில்லை. 1907 கிறிஸ்து பிறப்பு விழாவும் திருப்பலியின்றியே கழிந்தது. மழை பொய்த்த காலம். தன்னிடம் இருந்த தானியத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, 1908 ஜனவரியில் நோயில் விழுந்தார். கொடுப்பதற்காக வந்தவர் கையில் ஒன்றுமில்லை. அப்போது துவாரெக் மக்கள் அந்தப் பஞ்சத்திலும் சுற்றுவட்டாரம் முழுவதும் பால் சுரக்கும் ஆடுகளைத் தேடி, பால் கொண்டுவந்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அந்த மாத இறுதியில், தனியாகத் திருப்பலி நிறைவேற்ற உரோமையின் அனுமதியும் வந்து சேர்ந்தது.

அதன்பின் அவர் அவர்களுக்குப் போதகராக மட்டும் அல்ல, சகோதரராகவும் வாழ்ந்தார். அவர்கள் மொழியைக் கற்றார், அவர்கள் கவிதைகளைத் திரட்டினார். நான்கு தொகுதிகள் கொண்ட துவாரெக்-பிரெஞ்சு அகராதியை உருவாக்கினார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்பே அது முழுமையாக அச்சேறியது.

ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. படை அதிகாரிகள் அவருக்கு நண்பர்களாக இருந்தனர். காலனி ஆட்சியின்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையை இன்று நம்மால் ஏற்க இயலாது. முதல் உலகப் போரின்போது மக்கள் தஞ்சம் புக அவர் கட்டிய சிறு கோட்டையில் துப்பாக்கிகளும் வைக்கப்பட்டிருந்தன. புனிதர்களும் தங்கள் காலத்தின் பிள்ளைகளே. 1916 டிசம்பர் 1ஆம் நாள் மாலை, கொள்ளைக் கூட்டம் ஒன்று அவரைப் பிடித்துக் கட்டியது. காவலுக்கு நின்ற இளைஞன் பதற்றத்தில் சுட, 58 வயதில் உயிர் நீத்தார்.

அன்று கணக்குப் பார்த்திருந்தால் எல்லாம் தோல்வி. துறவு சபைக்கு ஒழுங்குகள் எழுதி வைத்திருந்தார். ஆனால் சேர வந்தவர் ஒரே ஒருவர். அவரும் சில மாதங்களில் உடல்நலம் குன்றித் திரும்பிவிட்டார். ஹோகாரில் கிறிஸ்தவச் சமூகம் எதுவும் உருவாகவில்லை. ஆனால் நிலத்தில் விழுந்த கோதுமை மணி மடிந்தது. 1933இல் இயேசுவின் சிறிய சகோதரர்கள் சபையும், 1939இல் இயேசுவின் சிறிய சகோதரிகள் சபையும் சகாராவிலேயே முளைத்தன. 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நம் மண்ணின் மறைச்சாட்சி தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டதும் அதே திருப்பலியில்தான் என்பதை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

அருள்பணியாளர்களாகிய நாமும் எத்தனைமுறை எண்ணிக்கையில் சிக்கிக்கொள்கிறோம்! காலித் திருப்பலி இருக்கைகள், வராத இளைஞர்கள், மாறாத பிள்ளைகள், பதில் கிடைக்காத செபங்கள். பெற்றோர்களே, கோவிலை மறந்துபோன உங்கள் மகனுக்காக நீங்கள் சிந்தும் கண்ணீர் வீண்போகாது. குழந்தையாய் அவன் கற்ற செபம் எங்கோ உறங்குகிறது. அதை எழுப்பும் பாலைவனம் எது என்பது ஆண்டவருக்குத் தெரியும். வேறு சமயத்து மனிதர் ஒருவரின் தொழுகையைக்கூட அவர் பயன்படுத்துவார்.

நம் வாழ்வின் வறண்ட நாள்களில் ஆண்டவர் எவர் கையால் நமக்குப் பால் கொடுத்து அனுப்பினார்? இத்தவக்காலத்தில் அந்த முகங்களை நினைவுகூர்ந்து நன்றி சொல்வோம். புனித சார்லஸ் தெ ஃபூக்கோவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.