காஸ் குழாய்க்குள் எவ்வளவு நீராவி? கணக்குக்கு வழிசெய்த ஜான் டால்டன்

கோடையில் காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரியின் பெரிய ஏரி வெயிலுக்கு எவ்வளவு தண்ணீரைப் பறிகொடுக்கும்? காவிரிப் படுகையில் பூமிக்கடியிலிருந்து சூடாக வரும் இயற்கை எரிவாயு எவ்வளவு நீராவியைக் கூட்டிக்கொண்டு வரும்? ரெண்டு கணக்குக்கும் அடிப்படை போட்டவர் ஒரே ஆள்தான். பள்ளியில் அணுக்கொள்கைக்காகப் படித்தோமே, அந்த ஜான் டால்டன்.

1766-ல் இங்கிலாந்தின் கம்பர்லாந்தில் பிறந்தவர். அப்பா நெசவாளி (காஞ்சிபுரத்துக்காரங்க கவனிக்க). 12 வயதிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். குவேக்கர் சமயப் பிரிவினர் என்பதால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் திறக்கவில்லை. 1787-ல் வானிலைக் குறிப்பு எழுத ஆரம்பித்தவர், கடைசிவரை விடவே இல்லை.

அந்த வானிலைப் பித்துதான் அவரை நீராவியிடம் கொண்டுபோனது. உப்பு தண்ணீரில் கரைவதுபோல நீராவி காற்றில் கரைகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. டால்டன் பாதரசக் குழாயின் உச்சியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சூடாக்கி, பாதரசம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார். 1801-ல் மான்செஸ்டரில் முடிவைச் சொன்னார்: நிறைநிலையில் நீராவியின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது, பக்கத்தில் எந்த வாயு இருந்தாலும் மாறாது.

எரிவாயுக்கு இதைப் போட்டுப் பாருங்க. 30 டிகிரி செல்சியஸில் அந்த அழுத்தம் சுமார் 32 மி.மீ. பாதரசம். 90 டிகிரியில் சுமார் 526. அதாவது 16 மடங்குக்கும் மேல்! 90 டிகிரியில், 50 வளிமண்டல அழுத்தத்தில் ஈரம் நிறைந்து வரும் வாயுவில், டால்டன் கணக்குப்படி 1.4 சதவீதம் நீராவி. கம்மியா தெரியுதா? குழாயில் வாயு ஆறும்போது இது தண்ணீராகும், துருப்பிடிக்க வைக்கும். மீத்தேனோடு சேர்ந்தால், 0 டிகிரிக்கு மேலேயே பனிக்கட்டிபோல இறுகிக் குழாயை அடைக்கும். அதனால்தான் உலர்த்தி அனுப்புகிறார்கள்.

ஆனா, டால்டன் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. அழுத்தம் ஏறினால் வாயுவும் நீராவியும் ஒன்றையொன்று சும்மா விடுவதில்லை. நிஜ அளவு அவர் கணக்கைவிடக் கூடுதலாக வரும். கொதிநிலைக்கு மேலான அழுத்தங்களையும் அவர் கணக்கால் நீட்டித்தான் சொன்னார். 1840-களில் பிரான்ஸின் ரெனோ அவற்றை அளந்தே காட்டினார். எரிவாயுப் பொறியாளர்கள் இன்றும் பார்க்கும் மெக்கெட்டா–வே வரைபடம் 1958-ல்தான் வந்தது.

1844 ஜூலை 26 அன்று டால்டன் வழக்கம்போல வானிலையைக் குறித்தார். அன்றைக்குக் கொஞ்சம் மழை. மறுநாள் காலை இறந்துபோனார்.