தேவையைச் சுருக்கிய தோரோ

மானுடப் பிறவியின் வாழ்நாள் மிகச் சிறிது. அதனுட் பெரும்பகுதி பொருள்களை ஈட்டுதற்கும் ஈட்டியவற்றைக் காத்தற்குமே செலவாயின், அறிவும் ஒழுக்கமும் வளர்தற்கு எஞ்சுங் காலம் யாது? இவ்வினாவைத் தம் வாழ்க்கையாலே ஆராய்ந்தவர் அமெரிக்க தேசத்து ஹென்றி டேவிட் தோரோ என்பவர். அவரும் நம்மைப்போல உபாத்தியாயராயிருந்தவராதலின், அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

அவர் 1817ஆம் ஆண்டு யூலை மாதம் 12ஆந் திகதி, மாசச்சூசெற்ஸ் மாகாணத்துக் கொங்கோட் என்னும் ஊரிலே பிறந்தார். 1837இலே ஹாவாட் கல்லூரியிற் கல்வி முற்றி, ஊர்ப் பாடசாலையொன்றிலே ஆசிரியராயமர்ந்தார். மாணாக்கரை அடித்து நடத்துமாறு மேலோர் வற்புறுத்தினமையால், சில நாளிலே அவ்வுத்தியோகத்தை விட்டார். பின்பு தமையனாரோடு கூடி, பிரம்படியில்லாத பாடசாலையொன்றை நடத்தினார். தமையனாரின் நோயினாலே அது 1841இல் மூடப்பட்டது. அவர் தந்தையார் பென்சில் செய்யுந் தொழிலினர். அத்தொழிலைத் திருத்திச் சிறப்பித்தவர் தோரோவே. செல்வராதற்கு அவ்வழி திறந்திருந்தும் அவர் அதனை நாடினாரல்லர்.

1845ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, நண்பர் எமர்சனுக்குரிய நிலத்திலே, வால்டன் ஏரிக்கரையில், தம் கையாலே கட்டிய குடிலிற் குடிபுகுந்தார். அதற்கான செலவு 28 டொலரும் பன்னிரண்டரைச் சதமுமாம். கதிரைகள் மூன்றே வைத்திருந்தார். மேசைமேலிருந்த சுண்ணக்கற்கள் சில நாடோறுந் தூசி துடைக்கப்படல் வேண்டுமென்று கண்டு, அவற்றைச் சன்னல் வழியே எறிந்துவிட்டார். ஆண்டில் ஏறக்குறைய ஆறு வாரம் உழைத்தால் தம் சீவனத்துக்குப் போதுமென்று கணக்கிட்டறிந்தார். எஞ்சிய காலம் வாசித்தற்கும், உலாவுதற்கும், இயற்கையை நோக்குதற்கும் உரியதாயிற்று. பகவத்கீதையையும் அங்கே படித்தார்.

அடிமை வியாபாரத்துக்கு இடங்கொடுத்த அரசுக்கு வரி கொடேனென மறுத்து, 1846இல் ஓரிரவு சிறையிலிருந்தார். இழத்தற்குச் சிறிதே உடையார்க்கு அச்சமுஞ் சிறிதன்றோ?

இரண்டாண்டுக்குமேல் அங்கு வாழ்ந்து, 1847இலே ஊருக்கு மீண்டார். அவ்வாழ்க்கையை விளக்கிய நூல் 1854இல் வெளிவந்தது. 1855இலே ஆங்கில நண்பரொருவர் இந்திய நூல்கள் 44 அனுப்பியபோது, ஆற்றிலே மிதந்துவந்த மரத்தினாற் பேழை செய்து அவற்றைப் போற்றி வைத்தார். ஆதலின் அவர் பொருள்களை வெறுத்தவரல்லர். தம் அறிவை வளர்ப்பனவற்றைத் தெரிந்து கொண்டவராவர். 1862ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி, க்ஷயரோகத்தினாலே, தமது 44ஆவது வயதிற் காலமானார்.

அவர் மனைவி மக்களில்லாதவர். அண்மையிலே பெற்றோர் வீடும் உடையவர். இல்லறத்தார் அவரைப்போலக் குடிலிலே வாழ்தல் இயலாதென்பது மெய்யே. ஆயினும் அவரிட்ட கணக்கை நாமும் இடலாம். விளம்பரத்திலே மயங்கித் தவணைமுறையில் ஒரு பொருளை வாங்குகின்றோம். அத்தவணையைக் கட்டுதற்கு மாலைதோறும் வேறு வகுப்புக்கு ஓடுகின்றோம். அப்பொருளுக்கு நாங் கொடுத்த விலை பணமன்று. நூல் வாசிக்கவும், பிள்ளைகளோடு பேசவும், வழிபாடு செய்யவும் உரியதாயிருந்த மாலைப்பொழுதேயாம். பொழுதில்லாத ஆசிரியர் மாணாக்கருக்கு எதனைக் கொடுப்பார்? ஆதலால், ஒன்றை வாங்குமுன் அதற்கு ஈடாகும் நாட்களை எண்ணுதலும், அவ்வாறு மீட்ட நாட்களை நல்வழியிற் செலுத்துதலும் ஆசிரியராகிய நமக்குக் கடனாம்.