யானைக்கு உடல் கொடுத்தவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

இறந்த விலங்கின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உயிருள்ளது போல நிறுத்தும் கலையைப் பாடம் செய்தல் என்கிறோம். கோவையில் 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்திற்குச் சென்ற நம் மாணவர்கள், அங்குள்ள காட்டுமாட்டின் முன் சற்று நேரமேனும் வியந்து நின்றிருப்பார்கள். வெறும் பட்டறை வேலையாக இருந்த இக்கலையைச் சிற்பத்திற்கு நிகராக உயர்த்தியவர்களுள் முதன்மையானவர் கார்ல் ஏக்லி என்னும் அமெரிக்கர்.

ஏக்லி 1864-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில், எளிய விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பள்ளிப் படிப்பு சொற்பமே. பத்தொன்பதாம் வயதில் ராச்செஸ்டர் நகரில் வார்டு என்பவரின் நிறுவனத்தில் வாரம் மூன்றரை டாலர் கூலிக்குச் சேர்ந்தார். அந்நாளில் தோலுக்குள் வைக்கோலையும் கந்தலையும் திணித்துத் தைத்துவிடுவார்கள். மெத்தைக்குப் பஞ்சு அடைப்பது போலத்தான். 1885-இல் ஜம்போ என்ற புகழ்பெற்ற ஆப்பிரிக்க யானை கனடாவில் ரயிலில் அடிபட்டு இறந்தபோது, அதைப் பாடம் செய்த குழுவில் இளைஞர் ஏக்லியும் இருந்தார். தோல் மட்டும் ஏறத்தாழ 700 கிலோ! (1975-இல் நடந்த தீவிபத்தில் அது எரிந்து போயிற்று.)

பிற்காலத்தில் அவர் கையாண்ட முறை இதுதான். விலங்கின் அளவுகளை நுணுக்கமாகக் குறித்துக்கொண்டு, தசை, நரம்பு, மடிப்பு எல்லாம் தெரியும்படி முதலில் களிமண்ணில் முழு உருவம் செய்வார். அதிலிருந்து அச்சு எடுத்து, கம்பி வலையும் காகிதக் கூழும் கொண்டு கனமற்ற உடலை வார்ப்பார். அதன்மேல்தான் தோலைப் போர்த்துவார். எங்கள் வீட்டில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருப்பதால் எனக்கு இது எளிதில் விளங்கியது. அளவு பிசகினால் துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் பனியன் உடம்பில் நிற்காது அல்லவா?

1896-இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்திற்காக அவர் சோமாலிலாந்து சென்றார். அங்கே காயம்பட்ட சிறுத்தையொன்று அவர்மேல் பாய்ந்தது. துப்பாக்கி பயன்படவில்லை. கையை அதன் தொண்டைக்குள் திணித்து, முழங்காலால் மார்பை நெரித்துக் கொன்றார்! அந்த அருங்காட்சியகத்தில் மோதி நிற்கும் இரண்டு ஆப்பிரிக்க யானைகள் அவர் கைவண்ணமே. அவற்றுள் ஒன்றைச் சுட்டவர் அவர் மனைவி டீலியா. 1910-இல் கென்யா மலைப்பகுதியில் வேறொரு யானை ஏக்லியின் முகத்தைக் கிழித்து விலா எலும்புகளை நொறுக்கியது. அப்போது காட்டைக் கடந்து வந்து அவரைக் காத்தவரும் டீலியாதான். நூல்கள் பெரும்பாலும் சிறுத்தைக் கதையையே சொல்கின்றன. இந்த அம்மையாருக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் எண்ணம்.

இடையே சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சியடிக்கும் கருவியையும், காட்டில் எளிதாகத் திருப்பக்கூடிய சினிமாக் காமிராவையும் அவர் கண்டுபிடித்தார்.

நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்காக 1921-இல் விருங்கா மலைகளுக்குப் போனதுதான் அவர் வாழ்வின் திருப்பம். அங்கே அவருடைய குழு ஐந்து மலைக் கொரில்லாக்களைக் கொன்று சேகரித்தது. பயங்கர மிருகம் என்று உலகம் நம்பிய அது, குடும்பமாகச் சேர்ந்து வாழும் சாதுவான உயிர் என்பதை ஏக்லி நேரில் கண்டார். மனம் குன்றினார். எஞ்சியவற்றைக் காக்க வேண்டுமென்று பெல்ஜிய அரசிடம் விடாது முறையிட்டார். 1925-இல் மன்னர் ஆல்பர்ட்டின் பெயரால் அங்கே ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. சுட்டவரே காவலரானார் என்று கைதட்ட எனக்கு முழு மனம் வரவில்லை. அந்த ஐந்தும் திரும்பி வரப்போவதில்லை. ஆயினும் அன்று அந்தக் காடு வேலியின்றிக் கிடந்திருந்தால், இன்று ஆயிரத்தைச் சற்றே தாண்டும் மலைக் கொரில்லாக்களும் இருந்திருக்குமா என்பது ஐயமே.

1926-இல் இரண்டாவது மனைவி மேரியுடனும் ஓவியர் லீயுடனும் ஏக்லி மீண்டும் அங்கே சென்றார். காட்சிப் பெட்டியின் பின்னணியை உள்ளது உள்ளபடி தீட்டுவதற்காகவே லீ உடன் சென்றார். மலையேறும்போதே ஏக்லி நோயுற்றார். நவம்பர் 17-ஆம் நாள் மிகேனோ மலைச்சரிவில் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கனவு கண்ட ஆப்பிரிக்கப் பாலூட்டிகள் மண்டபம் 1936-இல் அவர் பெயராலேயே திறக்கப்பட்டது. நடுவே எட்டு யானைகள். சுற்றிலும் 28 காட்சிப் பெட்டிகள். கொரில்லாக்களின் பின்னால் லீயின் ஓவியத்தில் விரிவது, ஏக்லி கண்மூடிய அந்த மலைப்பகுதியேதான்.