நம் ஆபெ: ஒல்லாந்து உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் வரலாறு

ஒல்லாந்தரின் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் யோகான் குரைஃப் என்னும் பெயரோடு தொடங்குவதே வழக்கம். அதிற் பிழையில்லை. ஆயின் குரைஃப் பிறந்தது 1947 ஆம் ஆண்டில். அவர் குழந்தையாய்த் தவழ்ந்த காலத்தில் அந்நாட்டு மக்கள் எவருடைய ஆட்டத்தைக் காணத் திரண்டனர் என்று வினவுவோமாயின், விடை நம்மை வடபுலத்துப் பிரீஸ்லாந்து மாகாணத்திலுள்ள ஹேரன்வேன் என்னும் சிற்றூருக்கு இட்டுச் செல்லும். அவ்வூரிற் பிறந்தவர் ஆபெ லென்ஸ்ட்ரா.

1920 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆந் திகதி அவர் பிறந்தார். ஊரின் உதைபந்தாட்டக் கழகம் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர்தான், யூலை 20 இல், தோன்றியிருந்தது. பிரீஸ்லாந்து மக்களுக்குத் தனியே ஒரு மொழி உண்டு. தாம் பிறரினின்றும் வேறானவர் என்னும் எண்ணமும் உண்டு. அம்மொழியில் அவர்கள் லென்ஸ்ட்ராவை நம் ஆபெ என்றே அழைத்தனர். ஓர் ஆட்டக்காரரை ஒரு மாகாணமே தன் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1936 இல், பள்ளிப் பருவம் நீங்காத வயதிலேயே, கழகத்தின் முதல் அணியில் இடம்பெற்றார். 1940 மார்ச் 31 இல் லக்சம்பேர்க்குக்கு எதிராக நாட்டின் அணிக்கு முதன்முதலாக ஆடினார். ஆறு வாரங்கள் கழிந்தன. மே 10 இல் ஜேர்மன் படைகள் எல்லை கடந்தன. நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களை ஒல்லாந்து மீண்டும் ஆடத் தொடங்கியது 1946 இல்தான். ஓர் ஆட்டக்காரனின் உடலும் கண்ணும் ஒருங்கே உச்சத்தில் நிற்கும் ஆண்டுகளை யுத்தம் இவ்வாறு விழுங்கிக்கொண்டது.

உள்நாட்டில் ஆட்டம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. வடபகுதிச் சம்பியன் பட்டத்தை ஹேரன்வேன் கழகம் 1940களிலும் அதனையடுத்தும் ஒன்பது முறை பெற்றது. அவ்வெற்றிகளில் ஆபெயின் பங்கே பெரிது. அக்காலத்திற் பகுதிச் சம்பியன்கள் தம்முள் மோதியே நாட்டின் சம்பியனைத் தீர்மானித்தனர். அப்படிப்பட்ட மோதல் ஒன்றில், 1950 மே 7 இல், அம்ஸ்டர்டாமின் ஆயாக்ஸ் கழகம் ஹேரன்வேனுக்கு வந்தது. ஒரு கட்டத்தில் ஆயாக்ஸ் ஐந்து கோல், ஊரவர் ஒரே கோல். ஆட்டம் முடிந்தபோது ஊரவர் ஆறு, ஆயாக்ஸ் ஐந்து! ஒல்லாந்தின் மைதானங்களில் இன்றும் கதையாகச் சொல்லப்படும் ஆட்டம் இது. ஆயினும் அவ்வாண்டுச் சம்பியன் பட்டம் இவ்விரு கழகங்களுக்கும் கிட்டவில்லை. தெற்கேயிருந்து வந்த லிம்பர்கியா என்னும் கழகமே அதனைக் கொண்டு சென்றது.

இனிச் சொல்லப்போவதே ஆபெயின் வாழ்வில் முதன்மையானது. யுத்தத்தின் பின்னர் நாட்டணியின் முன்வரிசையில் நடுவே நின்ற மூவரைப் பொன் மூவர் என்று மக்கள் புகழ்ந்தனர். ஃபாஸ் வில்கெஸ், கேஸ் ரைவர்ஸ், ஆபெ லென்ஸ்ட்ரா என்போரே அம்மூவர். ஒல்லாந்து உதைபந்தாட்டச் சங்கமோ பணம் பெற்று ஆடுவதை இழிவெனக் கருதியது. வேதனம் பெறுபவன் நாட்டின் அணியில் ஆடலாகாது என்பது அதன் சட்டம். 1949 இல் வில்கெஸ் மிலான் நகரத்து இன்டர் கழகத்திற்குச் சென்றார். அடுத்த ஆண்டில் ரைவர்ஸ் பிரான்சு சென்றார். இருவருக்கும் நாட்டணியின் கதவு அடைபட்டது. இத்தாலியின் ஃபியோரென்டினாக் கழகம் ஆபெயையும் அழைத்தது. அவர் போகவில்லை. ஹேரன்வேன் நகரசபையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஓய்வு வேளையிற் பந்தாடிக்கொண்டு, ஊரிலேயே இருந்துவிட்டார்.

இதனைத் தியாகம் என்று மட்டும் போற்றுவது எளிது. எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. ஆபெ எவர் சொல்லுக்கும் எளிதில் இணங்காத இயல்பினர். இடது ஓரத்தில் ஆடுமாறு பணிக்கப்படுவதை வெறுத்தார். அணியைத் தெரிவு செய்வோருடன் அவருக்குப் பிணக்குகள் இருந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலத்தில் அவர் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 47 மாத்திரமே. அவற்றில் அவர் போட்ட கோல்கள் 33. போகாமல் நின்ற உறுதியும் இணங்காமல் நின்ற பிடிவாதமும் ஒரே வேரிற் கிளைத்தவை என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

1953 பெப்ரவரி முதலாந் திகதி கடல் பொங்கித் தென்மேற்கு ஒல்லாந்தில் 1800 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. இடருற்றோர் நிதிக்காக, வெளிநாடுகளில் ஆடிய ஒல்லாந்து வீரர்கள் மார்ச் 12 இல் பாரிசிற் கூடிப் பிரான்சின் அணியை 2-1 என வென்றனர். விலக்கப்பட்டோரின் திறமையை நாடு கண்டுகொண்டது. மறு ஆண்டிலேயே சங்கத்தின் பழைய சட்டம் சரிந்து, வேதன ஆட்டம் ஒல்லாந்திலும் இடம்பெற்றது. அதன் பின் ஆபெயும் ஹேரன்வேனை விட்டு என்ஸ்கெடே நகரக் கழகத்திற்குப் பெயர்ந்தார். இத்தாலிக்கு மறுத்தவர் என்ஸ்கெடேக்கு இசைந்தது முரண் எனச் சிலர் கருதலாம். ஆனால் முன்னர் வேதனம் பெறுவதென்றால் நாட்டணியை இழக்க வேண்டியிருந்தது. இப்போது இழப்பதற்கு அப்படி ஒன்றுமில்லை. அன்றியும் அவருக்கு வயது முப்பத்து நான்கை எட்டிக்கொண்டிருந்தது.

முதுமை அவரைத் தடுத்ததாகத் தெரியவில்லை. 1956 மார்ச் 14 இல், உலகக் கிண்ணத்தைக் கையிற் கொண்டிருந்த மேற்கு ஜேர்மனியை அதன் சொந்த மண்ணில், டுசல்டோர்ஃப் நகரில், ஒல்லாந்து 2-1 என வீழ்த்தியது. இரு கோல்களும் ஆபெயினுடையவை. 1958 இல் என்ஸ்கெடேக் கழகம் தேசியச் சம்பியன் பட்டத்தை அண்மித்தது. புள்ளிகள் சமமாகவே, தீர்ப்பாட்டம் ஒன்று வேண்டியதாயிற்று. யூட்ரெக்ட் நகரத்து அணி மேலதிக நேரத்தில் ஒரேயொரு கோலால் அதனை வென்றது. அப்பட்டம் ஆபெயின் கைக்கு இறுதிவரை எட்டவேயில்லை.

1959 ஏப்ரலிற் பெல்ஜியத்துக்கு எதிராக நாட்டணியில் இறுதியாக ஆடியபோது அவருக்கு வயது 38. ஒல்லாந்து அணியில் ஆடியோருள் மூத்தவர் என்னும் அப்பெருமையை 2010 இல்தான் சான்டர் பொஸ்கர் என்னும் கோல் காப்பாளர் கடந்தார். 1963 இல் ஆபெ கழக ஆட்டத்தினின்றும் ஓய்ந்தார். பிற்காலத்திற் பாரிசவாதம் தாக்கவே, சக்கர நாற்காலியில் அமர்ந்தே வாழ நேர்ந்தது. 1985 செப்டெம்பர் 2 இல், பிறந்த ஊரிலேயே மறைந்தார். மறு ஆண்டில் ஹேரன்வேனின் மைதானத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1994 இல் பழைய மைதானத்தை விட்டுக் கழகம் புதிய அரங்கொன்றுக்கு மாறியபோது, பெயரையும் உடன் எடுத்துச் சென்றது.