மண்ணறிந்து கம்பி இட்டவர்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்கூடங்களில் இயந்திரங்கள் ஒன்றோடொன்று ஓயாமல் செய்தி பரிமாறுகின்றன. செப்புக் கம்பியில் மின்துடிப்பு செல்லச் செல்ல வலுவிழப்பதால், வழக்கமான கணினி வலையமைப்பில் அதன் எல்லை 100 மீட்டர். அதற்கப்பால் கண்ணாடி இழையே துணை. அதனுள் ஒளி பல கிலோமீட்டர் செல்லும். மோட்டார்களின் மின்காந்த இரைச்சலும் அதைத் தீண்டாது. எங்கே எந்தக் கம்பி என்னும் இக்கேள்வியை இந்தியாவில் பேரளவில் முதலில் எதிர்கொண்டவர் வில்லியம் புரூக் ஓஷானசி.

அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர் அவர். காலரா நோயாளிகளின் இரத்தம் நீரையும் உப்பையும் இழப்பதை இளமையிலேயே கண்டறிந்தார். 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தா வந்து, மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். 1839இல் பல மைல் நீளக் கம்பியில் மின்சைகை அனுப்பிக் காட்டினார். ஹூக்ளி ஆற்று நீரையே மின்சுற்றின் ஒரு பகுதியாக்கினார். கம்பெனி அப்போது அக்கறை கொள்ளவில்லை. டல்ஹௌசியின் ஆதரவு கிட்டிய பிறகே, 1851இல் கல்கத்தா – டைமண்ட் ஹார்பர் தந்தித் தடம் இயங்கத் தொடங்கியது.

செம்பு மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆனால் விலை அதிகம், வலிமை குறைவு. ஓஷானசி தடித்த இரும்புக் கோலைத் தேர்ந்தார். இரும்பின் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. அக்குறையைத் தடிமன் ஈடுசெய்தது. புயலையும் குரங்குகளையும் அது தாங்கியது. கருவிகளையும் உள்ளூரிலேயே செய்வித்தார். டைமண்ட் ஹார்பர் முனையிலிருந்து முதல் சைகையை அனுப்பியவர், அவரிடம் பயிற்சி பெற்ற சிப்சந்திர நந்தி.

1855இல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்கள் இணைந்தன. பொதுமக்களும் தந்தி அனுப்பலாயினர். அக்கம்பி பேரரசின் தேவைக்கென இடப்பட்டது. 1857 எழுச்சியை ஒடுக்கவும் பயன்பட்டது. அந்த உண்மையையும் சேர்த்தே ஓஷானசியை மதிப்பிட வேண்டும். 1889இல் அவர் இங்கிலாந்தில் மறைந்தார்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. பிறர் வகுத்த வடிவத்தைக் கோத்துத் தரும் ஆலை, பிறர் முடிவால் மூடப்படவும் கூடும். இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் விலைக்கும் எது பொருந்தும் என்று ஆராய்ந்து வடிவமைக்கும் அறிவு அப்படி இடம்பெயர்வதில்லை. நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் தரும் அரசு, அந்த அறிவை வளர்க்கும் ஆய்வுக்கூடங்களையும் ஆலைகளிடம் நிபந்தனையாகக் கேட்க வேண்டும்.