கவசமணியா வீரர்

எவ்வாயுதமும் துளைக்கவியலாத மேனியையுடைய வீரரைப் புனைந்து மகிழ்தல் எந்நாட்டார்க்கும் இயல்பு. கர்ணன் கவசகுண்டலங்களோடு பிறந்தான் என்பது பாரதம். அக்கிலீஸுக்குக் குதிகாலொன்றே ஊறுபடும் இடம் என்பர் கிரேக்கர். இக்காலத்துச் சித்திரக்கதை வீரரோ துப்பாக்கிக் குண்டினையும் மார்பில் ஏற்று நகைக்கின்றனர். கொடிய சுரம் குடிகொண்ட சிறைகளுள் ஆண்டுதோறும் புகுந்து உயிரோடு மீண்டமையால், அத்தகையவரோவென்று பலரும் வியந்து நோக்கிய ஒருவர் மெய்யாகவே வாழ்ந்தார். அவரே ஜான் ஹோவர்டு என்னும் ஆங்கிலப் பெரியார்.

இவர் 1726-ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு செல்வ வணிகரின் மகனாகப் பிறந்தார். 1755-ஆம் ஆண்டுப் பூகம்பத்தால் அழிந்த லிஸ்பன் நகரைக் காணக் கடற்பயணஞ் செய்தபோது, பிரெஞ்சுக்காரர் இவரது கப்பலைக் கைப்பற்றினர். பிரெஸ்ட் நகரச் சிறையில் வைக்கோலின்மீது கிடந்து சிறைத்துன்பத்தைத் தாமே அறிந்தார். 1773-ல் பெட்போர்டு மாகாணத்து ஷெரீப் பதவியேற்றபோது, குற்றமற்றவரென்று விடுதலை பெற்றவருங்கூடச் சிறைக்காவலனுக்குரிய கட்டணத்தைச் செலுத்த வழியின்றி மீண்டும் அடைபட்டிருக்கக் கண்டார். அன்று தொடங்கிய சிறைப்பயணம் அவர் இறக்குமளவும் ஓயவில்லை. அவர் அளித்த சாட்சியத்தின் பயனாக 1774-ல் பாராளுமன்றம் இரு சட்டங்களை இயற்றிற்று.

அக்காலத்தில் ஆங்கிலக் கைதிகள் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டு வந்தனர். 1775-ல் அங்கே போர் மூளவே அவ்வழி அடைபட்டது. ஆகவே, 1776-ல் ஈராண்டுகளுக்கென்று ஒரு சட்டம் செய்து, பழங்கப்பல்களைத் தேம்ஸ் நதியில் நிறுத்திச் சிறைகளாக்கினர். கைதிகள் பகலெல்லாம் ஆற்றுமணலை வாரினர். இரவில் காற்றோட்டமற்ற கீழ்த்தளத்தில் நெருங்கிக் கிடந்தனர். அவ்வாண்டிலேயே ஹோவர்டு ஜஸ்டீஷியா என்னும் கப்பலிலேறி, மெலிந்த முகங்களையும் பூசணம் பூத்த ரொட்டியையும் கண்டார். 1778 மார்ச்சு வரையில் அச்சிறைக்கப்பல்களுக்கு வந்த 632 பேரில் 176 பேர் மாண்டனர். அவ்வாண்டில் பாராளுமன்றக் குழுவின்முன் ஹோவர்டு தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார்.

நோய் அணுகாதிருக்க யாது செய்கிறீரென்று பலர் அவரை வினவினர். அவர் கொண்ட காப்போ மிக எளியது: காடியை முகர்வார், குறிப்பேட்டினை நெருப்பிற் காட்டி உலர்த்துவார். அந்தச் சுரத்தைப் பரப்புவது உடுப்பிலுறையும் பேன் என்பதைச் சார்லஸ் நிக்கோல் என்னும் அறிஞர் 1909-ல்தான் கண்டறிந்தார். ஆதலின் காடி அவருக்குக் கவசமாயிருந்திருக்கவியலாது. சிறைப்பட்டோரைக் காணச்செல்லுதல் ஆண்டவருக்கே செய்யும் தொண்டு என்னும் நம்பிக்கையே அவரை உள்ளே நடத்திற்று. 1786-ல், கொள்ளைநோய்ப் பயணிகளைத் தனித்துவைக்கும் விடுதிகளின் நிலையறியும் பொருட்டு, நோய் ஐயத்திற்குரிய கப்பலொன்றில் வேண்டுமென்றே ஏறி, ஸ்மிர்னாவிலிருந்து வெனிஸ் சென்று அங்கே அடைபட்டார்.

அவர் ஊறுபடாதவரல்லர். நெடும்பயணங்களில் அவர் பிரிந்திருந்த காலத்தில் ஒரே மகன் சித்தங் கலங்கினான். 1787-ல் அவனை மனநோய் விடுதியிற் சேர்க்க நேர்ந்தது. பிறர் மைந்தரைத் தேடிச் சென்றவருக்கு இத்துயரை ஆற்றும் வழியில்லை. இறுதியில், கெர்சான் நகரில் சுரத்தால் வருந்திய ஓர் இளம்பெண்ணுக்கு உதவச் சென்று, தாமும் அந்நோய்ப்பட்டு 1790 ஜனவரி 20-ல் உயிர்நீத்தார். கல்லறைமேல் ஒரு நிழற்கடிகாரம் போதும் என்பதே அவர் விருப்பம். ஈராண்டுக்கென வந்த சிறைக்கப்பல்களோ இங்கிலாந்தில் 1857-ஆம் ஆண்டுவரை நின்றன.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடியவில்லை. முடிப்பதற்கு வச்சிர மேனியும் வேண்டுவதில்லை. ஊறுபடாத உடலோன் தீயிற் புகுதல் அரிதன்று. ஊறுபடும் உடலோடு புகுதலே அரிது. கர்ணனையும் நாம் போற்றுவது கவசத்தோடு பிறந்தமைக்காகவா? அதனை அறுத்து ஈந்தமைக்காகவன்றோ!