வண்ணங்களில் வாழும் ஊர்

ஓர் ஊரை இடித்துத் தள்ளிவிடலாம். அங்கு வாழ்ந்த மக்களை லாரிகளில் ஏற்றி வேறிடம் அனுப்பிவிடலாம். ஆனால் அவ்வூரை அன்போடு கண்ட ஒரு கலைஞனின் தூரிகைக்கு முன் ஆட்சியாளரின் வலிமையும் தோற்றுப்போகும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குபவர் தென்னாப்பிரிக்க ஓவியர் ஜெரார்ட் செகோட்டோ. அவருடைய வாழ்வை நாம் இங்கே காண்போம்.

செகோட்டோ 1913ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் பொட்ஷபெலோ என்னும் லுத்தரன் மறைப்பணித் தளத்தில் பிறந்தார். வீட்டிலிருந்த ஆர்மோனியத்தில் சிறு வயதிலேயே இசை பழகினார். ஆசிரியர் பயிற்சி பெற்று, கைசோ என்னும் பள்ளியில் பணியாற்றினார். 1938ஆம் ஆண்டு ஓவியப் போட்டியொன்றில் இரண்டாம் பரிசு பெற்றதும், ஓவியமே தம் வழி எனத் துணிந்தார். சம்பளம் தந்த வேலையைத் துறந்து ஜோகன்னஸ்பர்க் நகருக்குச் சென்றார்.

அங்கே சோஃபியாடவுன் என்னும் பகுதியில் உறவினருடன் தங்கினார். ஆங்கிலிக்கன் துறவியான சகோதரர் ரோஜர் அவருக்கு ஆதரவளித்தார். ஜூடித் குளுக்மன் என்னும் பெண் ஓவியர் எண்ணெய் வண்ணத்தைக் கையாளக் கற்றுக்கொடுத்தார். இருவரும் வெள்ளையர்களே. நிறவெறி மலிந்த நாட்டிலும் நல்லிதயங்கள் இருந்தன என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

செகோட்டோ மாளிகைகளைத் தேடிப் போகவில்லை. தெருவில் நடப்போர், உழைத்துக் களைத்தோர், விளையாடும் சிறுவர் ஆகிய எளிய மக்களையே வரைந்தார். 1940ஆம் ஆண்டு அவருடைய ‘மஞ்சள் வீடுகள்’ என்னும் ஓவியத்தை ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. கறுப்பின ஓவியர் ஒருவரின் படத்தை அக்கூடம் வாங்கியது அதுவே முதல் முறை. எனினும், தம் படத்தைக் காண அவர் துப்புரவுப் பணியாளரைப் போல உள்ளே செல்ல நேர்ந்ததாம். படத்துக்கு இடமுண்டு, படைத்தவனுக்கு இடமில்லை! இந்த அநீதியை எண்ணும்போது நம் நெஞ்சம் பதறுகிறது.

1942ஆம் ஆண்டு கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதிக்கும், 1945இல் பிரிட்டோரியாவின் ஈஸ்ட்வுட் பகுதிக்கும் சென்று வரைந்தார். ‘குந்தாலியின் பாட்டு’ என்ற படத்தில் கறுப்பினத் தொழிலாளர் வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் குந்தாலியை ஓங்குகின்றனர். அருகில் நிற்கும் வெள்ளைக் கண்காணி அவர்கள் வலிமைக்கு முன் சிறுத்துத் தோன்றுகிறான்.

1947ஆம் ஆண்டு செகோட்டோ பாரிஸ் நகருக்குக் கப்பலேறினார். கலை அங்கே உடனே சோறு போடவில்லை. இளமையில் பழகிய இசைதான் கைகொடுத்தது. இரவு விடுதியில் பியானோ வாசித்துப் பிழைத்தார். மனம் தளர்ந்து மருத்துவமனையில் இருந்த நாள்களிலும் அவர் தூரிகையைக் கைவிடவில்லை.

தாய்நாட்டில் 1948இல் நிறவெறிக் கொள்கையுடைய கட்சி ஆட்சிக்கு வந்தது. 1955இல் சோஃபியாடவுன் மக்களை வெளியேற்றத் தொடங்கி, அப்பகுதியை இடித்தார்கள். அங்கே வெள்ளையர் குடியிருப்பைக் கட்டி, ‘வெற்றி’ எனப் பொருள்படும் ‘ட்ரியோம்ஃப்’ என்று பெயரிட்டார்கள். 1966இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸும் வெள்ளையர் பகுதியென அறிவிக்கப்பட்டது. பின்னர் அதுவும் இடிபட்டது. ஈஸ்ட்வுட்டும் அழிந்தது. அவர் வரைந்த மூன்று ஊர்களும் மண்ணில் மறைந்தன. படங்களிலோ அவை உயிரோடு நின்றன.

1989ஆம் ஆண்டு அதே ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் அவருடைய படைப்புகளைத் திரட்டிப் பெருங்கண்காட்சி நடத்தியது. ஆனால் அவர் தாயகம் திரும்பவேயில்லை. 1993ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பிரான்சு நாட்டிலேயே கண்மூடினார். 2006ஆம் ஆண்டு ‘ட்ரியோம்ஃப்’ என்ற பெயர் நீக்கப்பட்டு, சோஃபியாடவுன் என்ற பழைய பெயரே மீண்டது.

இறைவன் தந்த தாலந்தைச் செகோட்டோ மண்ணில் புதைக்கவில்லை. எளியவரை மாண்புடன் காட்டுவதற்கே அதைச் செலவிட்டார். யாரும் பொருட்படுத்தாத மனிதரை நிறுத்திப் பார்க்கும் கண் நமக்கும் வேண்டும். அதுவே அவருக்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.